அரக்கு நிறத்தில் ஒரு ஞானஸ்நானம்

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஃபாதர் என்றுதான் கூப்பிடுவார். குடிவந்த புதிதில் நான் ஃபாதர் இல்லை, பாஸ்டர் என்று விளக்கிப் பார்த்தேன். ஃபாதர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டார்கள், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள் என்றேன். "அதனால இன்னா ஃபாதர்?" என்றார். அவர் மனைவி ஒரு படி மேலே போய் என் மனைவியை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். செவிலிமேட்டில் ஒரு மாடி வீட்டில் ஒரு ஃபாதரும் ஒரு சிஸ்டரும் ஒரு பெண் குழந்தையோடு குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மனைவிக்கு இதில் ஒரே சிரிப்பு. பால் வாங்கப் போகும்போது கூச்சத்தில் நெளிவது நான்தான்.

கல்லூரி மாணவர்கள் நடுவே ஊழியம் செய்வது என் வேலை. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளின் எதிரே உள்ள டீக்கடைகளில் உட்கார்ந்திருப்பேன். அரியர் வைத்தவன் வருவான், காதலில் அடிபட்டவன் வருவான், ஹாஸ்டல் சாப்பாட்டில் மனம் நொந்தவன் வருவான். எல்லாருக்கும் டீ, எல்லாருக்கும் ஜெபம். சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, என் பிரசங்கம், கடைசியில் என் மனைவி செய்த தக்காளி சாதம். ஒருமுறை அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், பிஸ்கட்டும் டீயும் உண்டு என்று வாட்ஸப்பில் அறிவித்தேன். அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் இன்டர்னல் எக்ஸாம் வந்துவிட்டது. அடுத்த வாரம் தக்காளி சாதம் திரும்பியது, எக்ஸாமும் முடிந்துவிட்டது. யாரும் என் பிரசங்கத்தைக் குறை சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

இந்த வீடு கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. போகிற இடமெல்லாம் முதலில் சாவியைக் கையில் எடுப்பார்கள். என்ன வேலை என்று கேட்பார்கள். பாஸ்டர் என்றதும் சாவி திரும்ப ஆணிக்குப் போய்விடும். "பாட்டெல்லாம் பாடுவீங்களே" என்பார்கள். பாட மாட்டோம் என்று பொய் சொல்ல முடியாது. கடைசியில் இந்த வீட்டுக்காரர்தான் சம்மதித்தார். அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. கொதிக்கும் தொட்டி உள்ளே, சாயம் ஏறிய நூலை அலசும் தொட்டிகள் வெளியே வாசலில் வரிசையாக.

"பாடுங்க, ஆடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணுதான். எம்புள்ளைகிட்ட மட்டும் உங்க சாமி விஷயம் எதுவும் வேணாம். நாங்க பரம்பரையா சிவன் கோயிலுக்கு செய்யறவங்க."

வாக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன். அந்த ஹால் போனால் சனிக்கிழமைக் கூட்டமும் போய்விடும். கல்லூரிக்குள் நடத்த அனுமதி இல்லை, மண்டபம் பிடிக்கிற சக்தி எங்களுக்கு இல்லை. அந்தப் பசங்களுக்கு ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே வர இருந்த ஒரே வீடு அது.

அவர் பையனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. ஒரே யூகேஜி, ஒரே ஆட்டோ. பையன் அதிகம் பேசமாட்டான். என் மகள் அதிகமாகப் பேசுவாள். அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. பையனிடம் ஒரே ஒரு குறை, குளிக்க மாட்டான். தலையில் தண்ணீர் ஊற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவான். சனிக்கிழமை காலையில் அவன் எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகுதான் எங்கள் தெருவில் மற்றவர்கள் நிம்மதியாகக் காபி குடிப்பார்கள்.

இப்படி இருக்கும்போது எங்கள் கூட்டத்தில் ஒரு மாணவன் ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்பட்டான். மெக்கானிக்கல் கடைசி வருஷம். பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறவன்தான், இப்போது தானாக முடிவெடுத்திருந்தான். எனக்கு ஆனந்தம். கூடவே கொஞ்சம் கிலி. காரணம் அவன் உடம்பு. அவன் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும்போது நான் மனதுக்குள் ஜெபம் பண்ணுவது வழக்கம்.

எங்கள் சபையில் தெளிக்கிற ஞானஸ்நானம் கிடையாது, முழுக்குதான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து, இன்னொரு கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பொத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி, மல்லாக்க முழுசாக முக்கி எடுக்க வேண்டும். நானோ மின்விசிறியை வேகமாக வைத்தால் போர்வையோடு நகர்ந்துவிடுகிற ஆள்.

"முக்கறது சரி, எடுக்கறது யாரு?" என்று கேட்டாள் மனைவி.

அதனால் ஒத்திகை வைத்தோம். ஹாலில் மெத்தையைப் போட்டு, தினமும் சாயங்காலம் பயிற்சி. மாணவன் வராத நாட்களில் என் மகள்தான் அவனுக்குப் பதில். முழங்காலை மடக்கு, கையை மார்பில் கட்டு, பயப்படாதே, பின்னால் சாய். அவளை எத்தனை தடவை மெத்தையில் முக்கினேன் என்று கணக்கே இல்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே வார்த்தைகளை அவள் சொல்லிவிடுவாள். நானும் பெருமையாக அதை வீடியோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினேன்.

"அண்ணா, தண்ணியில வெயிட் தெரியாதுண்ணா. மிதப்பு விசை இருக்குல்ல" என்று அந்த மாணவன் தைரியம் சொன்னான். மெக்கானிக்கல் படிக்கிறவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

தென்னேரியில் எங்கள் சபைக்காரர் ஒருவரின் வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறது. அங்கே வைத்தோம். எல்லாரும் சுற்றி நின்று பாடினார்கள். அவன் சொன்னது சரிதான், அவன் எடை ஒன்றுமே தெரியவில்லை. பாசியைப் பற்றித்தான் அவன் பாடத்தில் எதுவும் இல்லை போலிருக்கிறது. என் கால் வழுக்கியது. அவனும் போனான், நானும் போனேன். கடைசியில் அவன்தான் என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கரையில் நின்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்று கைதட்டினார்கள். என் மகள் மட்டும் கைதட்டவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இத்தனை நாள் ஒத்திகைக்கு இதுதானா பலன் என்கிற பார்வை.

அதற்கு அடுத்த ஞாயிறு. ஆராதனை முடித்து, சாப்பிட்டு, படுத்திருந்தேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, ஆரணியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திடீரென்று கீழே அவர் மனைவியின் அலறல். நானும் என் மனைவியும் விழுந்தடித்து ஓடினோம்.

பட்டறை வாசலில், அலசும் தொட்டியில், முழங்கால் அளவுத் தண்ணீரில் பையன் நின்றுகொண்டிருந்தான். தலை முதல் கால் வரை அரக்கு நிறம். கல்யாணப் புடவைக்கு எடுப்பார்களே, அந்த ஆழ்ந்த சிவப்பு. முதல் நாள் நூல் அலசிய தண்ணீரைத் திறந்துவிட மறந்திருக்கிறார்கள். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. சிரித்துக்கொண்டிருந்தான். தொட்டிக்கு வெளியே முழங்கை வரை அரக்குக் கையுறை போட்ட மாதிரி என் மகள்.

"ஞானஸ்நானம் குடுத்துட்டேன்பா" என்றாள். அதோடு விடவில்லை. "நான் வழுக்கல."

வீட்டுக்கார அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அவரு வந்தா இன்னா சொல்லுவாரோ தெரியலையே ஃபாதர்" என்றார். எனக்கு அது நன்றாகவே தெரியும் என்று தோன்றியது. ஒரே ஒரு நிபந்தனை. அதை இவ்வளவு கலராக யாரும் மீறியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் மறைக்கலாம் என்றால் பையனின் நிறம் தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

வீட்டுக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவதாக இருந்தது. அதற்குள் சாயத்தை எடுத்துவிடுவது என்று இரண்டு குடும்பமும் கூடி முடிவெடுத்தோம். தேங்காய் எண்ணெய், கடலை மாவு, எலுமிச்சை எல்லாம் தயார். பையன்தான் தயாராக இல்லை. பாத்ரூம் என்றதும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டான். திங்கட்கிழமை அதே நிறத்தில் பள்ளிக்கூடம் போனான். ஆட்டோக்காரர் அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்தார்.

"ஃபாதர், புள்ள குளிக்க ஒத்துக்கிச்சு. ஆனா பாப்பா வந்து அந்த வார்த்தைய சொன்னாதான் தலைய உள்ள விடுவானாம்."

எனக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, அது குளிக்கறதுக்கு சொல்ற வார்த்தை இல்லக்கா. அதெல்லாம் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். எங்க வேதத்துல ஒரே ஞானஸ்நானம்னுதான் இருக்குது."

"ஒரு வாட்டி முக்கினா சாயம் போயிடுமா ஃபாதர்?" என்றார்.

என் மனைவி அவசரமாக அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தமும் சிரிப்பை அடக்கும் சத்தமும் கலந்து வந்தன. இறையியல் கல்லூரியில் எனக்கு மறுஞானஸ்நானம் பற்றி ஒரு பாடமே இருந்தது. சாயம் போகிற வரைக்கும் தினமும் கொடுக்கலாமா என்று அந்தப் பாடத்தில் யாரும் கேட்கவில்லை.

மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வார்த்தைக்குப் பதிலாக ஒண்ணு ரெண்டு மூணு என்று சொல்லி முக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

"அது கள்ள உபதேசம்பா" என்றாள்.

அந்தச் சொல்லை என் பிரசங்கத்திலிருந்துதான் பிடித்திருக்கிறாள். சொந்த வீட்டிலேயே என் பிரசங்கத்தைக் கவனித்துக் கேட்கிற ஓர் ஆள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கிற நிலைமையில் நான் இல்லை. சென்னையில் எனக்கு மேலே இருக்கிற மூத்த போதகருக்குப் போன் பண்ணி விவரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கலர் போகுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் நேராகவே பேசினேன். இது விளையாட்டுதான், ஆனால் வார்த்தை எங்கள் வார்த்தை, உங்களுக்குச் சங்கடம் என்றால் வேண்டாம் என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்ம ஊர்ல சாமியே கோயில் குளத்துத் தண்ணிக்குள்ள படுத்துக்கினு இருக்குது. எம்புள்ள முங்கறதுல இன்னா வந்துடப் போவுது? மொதல்ல காது தெரியணும் ஃபாதர்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கீழே ஞானஸ்நானம் நடந்தது. சுத்தமான தண்ணீர், பெரிய பிளாஸ்டிக் டப். மகள் கைக்குட்டையால் அவன் மூக்கைப் பொத்தி, மூன்று திருநாமத்தையும் ஒரு எழுத்து விடாமல் சொல்லுவாள். பையன் முனிவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்வான். எழுந்ததும் அவன் அம்மா பாய்ந்து கடலை மாவைத் தேய்ப்பார். நான் மாடிப் படிக்கட்டில் நின்று செய்தித்தாள் படிக்கிற மாதிரி நடிப்பேன். அரக்கு ரோஸ் ஆனது. ரோஸ் வெளுத்தது. வெள்ளிக்கிழமை பார்த்தால் காது மடலும் நகக்கண்ணும் மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை மாணவர்கள் வந்தார்கள். கிதார் வேண்டாம், மெதுவாகப் பேசுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். வீடு போய்விடும் போலிருக்கிறது என்ற விஷயத்தையும் சொன்னேன். எல்லார் முகமும் வாடிவிட்டது. அப்போது கீழேயிருந்து என் மகள் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"அப்பா, இன்னைக்குப் பாட்டு வேணுமாம். தென்னேரியில பாடினாங்கன்னு நான் சொல்லிட்டேன். பாட்டு இல்லைன்னா காது கழுவ மாட்டானாம்."

இறங்கிப் போகாமல் என்ன செய்வது? மறுநாள் வீட்டுக்காரர் வந்துவிடுவார். பட்டறை வாசலில் கல்லூரிப் பசங்க வரிசையாக நின்று கிதாரோடு பாடினார்கள். மெக்கானிக்கல் மாணவன், அனுபவசாலி என்ற முறையில், டப் நகராமல் பிடித்துக்கொண்டான். நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு துண்டோடு நின்றேன். என் மகள் கையை உயர்த்தி "பிதா குமாரன்" என்று ஆரம்பித்தாள். பையன் சாய்ந்தான். தண்ணீருக்குள் போனான்.

அந்த நேரத்தில்தான் கேட் திறந்தது. ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார் வீட்டுக்காரர். கையில் கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பை.

ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். கிதார்க்காரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தான். வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். நேராக வந்து மகனின் காதைப் பிடித்துத் திருப்பி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எந்தத் தொட்டி?" என்றார்.

அவர் மனைவி காட்டினார். "அலசின தண்ணிதான். கலர் போயிடும்" என்றார் வீட்டுக்காரர். எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றைக்கு மாடியில் தக்காளி சாதம் மிஞ்சியது. எங்கள் கூட்டத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. மாணவர்கள் என் கையைக் குலுக்கிவிட்டு, துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரிச் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். மெக்கானிக்கல் மாணவன் மட்டும் நின்று, "என்னாலதானேண்ணா இதெல்லாம்" என்றான். இல்லடா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க அவன் முதுகில் தட்டினேன். கைதான் வலித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். இதுவரை அவர் மேலே வந்ததே இல்லை.

"வூட்டு விஷயமா பேசணும் ஃபாதர்" என்றார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தரையையே பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணா, நீங்க ஒரே ஒரு விஷயம்தான் கேட்டீங்க. அதை எங்களால காப்பாத்த முடியல. வேற வீடு பாக்க கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ முடிவே பண்ணிட்டீங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கடகடவென்று பேச ஆரம்பித்தார். "நான் தொட்டிக்கெல்லாம் மூடி போட ஆள் சொல்லிட்டேன் ஃபாதர். திங்கக்கிழமை வந்துடுவான். பொம்பளப்புள்ள கையெல்லாம் சாயம் ஏத்தி வெச்சிருக்குது. பெத்தவங்களுக்கு பயமா இருக்காதா? தப்பு எம்மேலதான். தண்ணிய திறந்து வுட்டுட்டு போயிருக்கணும்."

"அண்ணா, நான் சொல்றது ஞானஸ்நானம்..."

"அதுவா?" என்று கையை உதறினார். "நீங்களா சொன்னீங்க? சின்னப் பசங்க. இவன் மட்டும் இன்னா யோக்கியமா? போன மாசம் உங்க பொண்ண மணையில உக்கார வெச்சி, கையில குடைய குடுத்து, பட்டறைய சுத்தி வீதி உலா இழுத்துக்கினு போயிருக்கான். பூ போட்டு தீபாராதனை காட்டியிருக்கான். உங்க பொண்ணு கண்ணு கூட சிமிட்டாம அம்மன் மாதிரி உக்காந்துக்கினு இருந்துச்சு. நான்தான் பாத்தேன். ஃபாதர்கிட்ட இத எப்படி சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சிக்கினு இருக்கேன்."

என் மனைவியால் அதற்கு மேல் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வாய் கோணியது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்ன இருந்தவங்க சாய நாத்தம்னு காலி பண்ணாங்க. அதுக்கு முன்ன இருந்தவங்களும் அப்படித்தான். எம்புள்ள ஸ்கூல்ல யார்கிட்டயும் பேச மாட்டான் ஃபாதர். மிஸ் கூப்ட்டு டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க. இப்போ உங்க பொண்ணுகிட்டதான் வாய தொறந்து பேசறான். ஆரணிக்கு போன் போட்டு, அப்பா நான் செவப்பா ஆயிட்டேன்னு சொன்னான். அவனா போன்ல பேசினது அதான் மொத வாட்டி. அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன்." எழுந்து நின்றார். "காலி பண்ணிடாதீங்க."

ஒரு வாரமாக நான் பயந்துகொண்டிருந்த மனிதர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசுகிற வாய் இது. "எங்கயும் போகலண்ணா" என்று மட்டும்தான் வந்தது.